கத்தரிச் செடியில் கண்ட சிவப்புப் பூச்சி ரைனோகோரிஸ்தானா? எந்த இனம்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வெல்லாவெளியில் உங்கள் வீட்டுத் தோட்டத்துக் கத்தரியில் சிவப்பும் கறுப்புமான ஒரு பூச்சி, புழு ஒன்றைக் குத்திப் பிடித்தபடி இருந்திருக்கிறது. தட்டிவிடப் போன உங்கள் பெருவிரலையும் குத்திவிட்டது. மூன்று படங்கள் போட்டிருக்கிறீர்கள். ஒருவர் இது இதயநோய் பரப்பும் 'கிஸ்ஸிங் பக்' என்கிறார். இன்னொருவர் வெண்டியில் கூட்டமாக வரும் சிவப்புப் பூச்சிதான், மருந்தடியுங்கள் என்கிறார். மூன்றாமவர் ரைனோகோரிஸ் என்று பெயரே சொல்லிவிட்டார். அந்தப் பெயர் சரியா, சரியென்றால் எந்த இனம், அதை நீங்களே எப்படி உறுதிப்படுத்துவது என்பதுதான் உங்கள் கேள்வி. விவசாயப் பூச்சியியல் படித்துவிட்டு, மட்டக்களப்பு, அம்பாறை வயல்களிலும் தோட்டங்களிலும் பல வருடங்களாகப் பூச்சி பார்த்து வருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

இது கொலைகார மூட்டுப்பூச்சிக் குடும்பம், அதாவது ரெடுவிடே. இதில் சந்தேகமே இல்லை. சாதி ரைனோகோரிஸ் என்பதும் ஏறக்குறைய உறுதி. இனம் ரைனோகோரிஸ் ஃபுஸ்கிபெஸ் ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம், ஆனால் இந்த மூன்று படங்களை வைத்து அதை நான் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன். (சாதி என்று நான் எழுதுவது தமிழ்நாட்டு நூல்களில் பேரினம் என்று வரும். நாங்கள் பள்ளியில் படித்த சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.)

விரலைப் பற்றி முதலில் பேசிவிடுவோம், பயம் அங்கேதான் இருக்கிறது. கிஸ்ஸிங் பக் என்பதும் இதே குடும்பம்தான், ஆனால் ட்ரையடொமினே என்ற வேறு உபகுடும்பம். அவை முதுகெலும்புள்ள விலங்குகளின் இரத்தம் குடிப்பவை. 1909இல் பிரேசிலில் கார்லோஸ் சாகஸ் கண்டறிந்த நோயை அவை பரப்புவது அமெரிக்கக் கண்டத்தில். நமது பக்கத்திலும் ட்ரையடோமா ரூப்ரோஃபாசியாட்டா என்ற ஓரினம் உண்டு. எலிகள் குடியிருக்கும் பழைய கட்டடங்களில் காணப்படும், இரவில் நடமாடும். கரும்பழுப்பு உடலின் ஓரத்தில் மட்டும் செம்மஞ்சள் கரை இருக்கும். உறிஞ்சுகுழல் மெலிந்து, தலைக்கு அடியில் நேராகக் கிடக்கும். உங்கள் பூச்சியோ பட்டப்பகலில் கத்தரி இலையில் புழு தின்கிறது, குழல் தடித்து வளைந்திருக்கிறது. இது வேறு வாழ்க்கை வாழும் பூச்சி. மனிதரை அது குத்துவது தற்காப்புக்காக மட்டுமே. இரையைச் செயலிழக்கச் செய்து உள்ளே கரைக்கிற அதே உமிழ்நீர் உங்கள் தோலுக்குள்ளும் போவதால் வலி கடுமையாக இருக்கும், வீக்கம் சில நாள் நிற்கலாம். சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஐஸ் வைத்தால் பெரும்பாலும் போதும். நான் வைத்தியர் அல்ல. மூச்சு முட்டினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, காயம் பழுத்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சரி, பூச்சிக்கு வருவோம். ஒரு சிவப்புப் பூச்சியைக் கண்டால் நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது தலைக்குக் கீழே இருக்கும் உறிஞ்சுகுழல். உங்கள் இரண்டாவது படத்தில், பூச்சி பக்கவாட்டில் நிற்கிறதே, அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். தலையின் நுனியிலிருந்து ஒரு கறுத்த, தடித்த அலகு கீழ்நோக்கி வளைந்து, முன்கால்களுக்கு நடுவே வந்து முடிகிறது. அதில் கண்ணுக்குத் தெரியும் கணு மூன்றுதான். ரெடுவிடே குடும்பத்தின் அடையாளங்களில் முதலாவது இதுதான். குழலின் நுனி போய் அமரும் இடத்தில், முன்கால்களுக்கு நடுவே நெஞ்சில் ஒரு பள்ளம் இருக்கும். கைவில்லையால் பார்த்தால் அந்தப் பள்ளத்தின் அடியில் குறுக்கே நெருக்கமான வரிகள் தெரியும். இடுக்கியால் பிடித்தால் குழல்நுனியை அந்த வரிகளில் உரசி, 'கிறீச் கிறீச்' என்று மெல்லிய சத்தம் எழுப்பும். காதுக்கு அருகே கொண்டுபோனால் நன்றாகக் கேட்கும். கண்களுக்குப் பின்னால் தலையில் ஒரு குறுக்குப் பள்ளமும், அதற்குப் பின் தனிக்கண் (புள்ளி போன்ற சிறு கண்) இரண்டும், பிறகு ஒடுங்கிய கழுத்தும் இருக்கும். இவை எல்லாம் ஒன்றுசேர இருந்தால் குடும்பம் நிச்சயம்.

வெண்டியில் கூட்டமாக வரும் பூச்சி டிஸ்டெர்கஸ் சிங்குலாட்டஸ். பருத்தி, வெண்டி, செம்பரத்தை என்று அந்தக் குடும்பத்துச் செடிகளின் விதைகளை உறிஞ்சுவது. அதற்குத் தனிக்கண் கிடையாது. குழல் நாலு கணுவோடு நீண்டு, வயிற்றோடு ஒட்டி நேராகக் கிடக்கும். தலைக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பட்டி இருக்கும், சிவப்பு இறக்கை ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும், ஆணும் பெண்ணும் பின்பக்கம் ஒட்டியபடி இழுபட்டுத் திரியும். உங்கள் படத்தில் இவற்றில் ஒன்றுமே இல்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை: "புழுவைத் தின்கிறது, ஆகவே கொலைகார மூட்டுப்பூச்சி" என்ற முடிவும் பிழைக்கும். டிஸ்டெர்கஸின் குடும்பத்திலேயே ஆன்டிலோக்கஸ் என்று ஒரு சிவப்புப் பூச்சி இருக்கிறது, அது டிஸ்டெர்கஸைப் பிடித்துத் தின்னும். கேடய வடிவப் பூச்சிகளிலும் தோளில் முள் நீட்டிய யோகாந்தெகோனா, புழுவைக் குழலில் குத்தித் தூக்கிக்கொண்டு நடக்கும். தொழிலைப் பார்த்து ஆளை முடிவு செய்யாமல் குழலைப் பாருங்கள்.

குடும்பத்திலிருந்து உபகுடும்பத்துக்கு இறங்கும்போது கழுத்துக்குப் பின்னால் உள்ள தட்டு, அதாவது முன்நெஞ்சுத் தட்டு, பெரிய உதவி. அதன் குறுக்கே ஒரு சுருக்கு ஓடி அதை முன்மடல், பின்மடல் என்று இரண்டாகப் பிரிக்கும். அந்தச் சுருக்கு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். நடுவைத் தாண்டிப் பின்னால் ஓடி, முன்மடல் பெரிதாகவும் பின்மடல் சிறிதாகவும் இருந்தால் பெய்ரேட்டினே. கல்லுக்கடியில் இருக்கும், இரவில் லைற் வெளிச்சத்துக்கு வரும் கறுப்புப் பூச்சிகள் அவை. நடுவுக்கு முன்னால் ஓடி, பின்மடல் அகன்று பெரிதாக இருந்தால் நீங்கள் தேடும் பக்கம். உங்கள் முதல் படத்தில் இது தெளிவாகவே விழுந்திருக்கிறது. அப்புறம் இறக்கை. முன்னிறக்கையின் தடித்த பகுதியும் சவ்வும் சேரும் இடத்தில், நரம்புகளால் அடைக்கப்பட்ட ஒரு சிறிய நாற்கோண அறை இருந்தால் அது ஹார்பாக்டோரினே, குடும்பத்திலேயே மிகப் பெரிய உபகுடும்பம். முன்காலின் கெண்டை நுனியில் பஞ்சுபோன்ற மெத்தை இருக்கக் கூடாது என்பதும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. பெய்ரேட்டினேயில் அந்த மெத்தை இருக்கும், இரையைப் பிடிக்க உதவும். நிறத்தால் ஏமாற்றக்கூடிய இன்னொரு கூட்டம் எக்ட்ரிக்கோடினே. சிவப்பும் கறுப்பும் நீலமுமாக மினுங்கும், ஆனால் நிலத்தில் மரவட்டை தின்று வாழ்வது. முதுகில் இறக்கைகளுக்கு நடுவே உள்ள முக்கோணத் தகட்டின் நுனி அதற்கு இரண்டு கொம்பாகப் பிரிந்திருக்கும். உங்கள் பூச்சியில் அந்த முக்கோணம் கொம்பில்லாமல் சாதாரணமாக முடிகிறது.

ஹார்பாக்டோரினேக்குள் வந்தபின் ரைனோகோரிஸை எடுத்துச் சொல்வது எப்படி? உண்மையைச் சொன்னால், இந்தச் சாதிக்கு எடுப்பான தனி அலங்காரம் ஒன்றும் இல்லை. பெரும்பாலும் 'இது இல்லை, அது இல்லை' என்று கழித்துத்தான் வர வேண்டியிருக்கிறது. நடுத்தர அளவு, கொஞ்சம் கட்டையான உடல். தலை மிதமான நீளம், இதே உபகுடும்பத்தின் இன்னொரு சாதியான சைகேனஸ் போல நீண்டு மெலிந்த கழுத்தோடு இராது. தலையில் உணர்கொம்புக்குப் பின்னால் முள் இல்லை. முன்நெஞ்சுத் தட்டின் மேல் முள் இல்லை, பின்மடல் மழமழவென்று உருண்டிருக்கும், தோள் மூலைகள் கூர்மையாக நீட்டிக்கொண்டிராது. முக்கோணத் தகட்டில் நிமிர்ந்த முள் இல்லை. சைகேனஸுக்கு அது இருக்கும், வயிற்றோரமும் இறக்கைக்கு வெளியே தட்டையாக அகன்று தெரியும். தொடைகளில் முள் இல்லை. குழலின் முதற்கணு பொதுவாக இரண்டாவதை விடக் குட்டை. இத்தனையும் பொருந்தி, பகலில் செடியின் மேல் திரியும் சிவப்பு-கறுப்புப் பூச்சி என்றால் நம் பகுதியில் ரைனோகோரிஸ் என்று சொல்வது நியாயம். 'ஏறக்குறைய உறுதி' என்று மட்டும் நான் எழுதியதற்குக் காரணம் உண்டு. சிட்னோகோரிஸ் போன்ற வேறு சிவப்புச் சாதிகளும் இதே உபகுடும்பத்தில் இருக்கின்றன. உங்கள் படங்களில் குழலின் கணுக்களை அளக்கும் அளவுக்குத் தெளிவு இல்லை, வயிற்றுப்புறப் படமும் இல்லை.

சாதியின் பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும், தேடும்போது குழப்பும். இதை நிறுவியவர் ஹான், 1830களில். பழைய கட்டுரைகளில் எழுத்து மாறி 'ரினோகோரிஸ்' என்றும், இன்னும் பழையவற்றில் 'ஹார்பாக்டர்' என்றும் இதே பூச்சிகள் வரும். உபகுடும்பத்தின் பெயரில் அந்த ஹார்பாக்டர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உலகில் இதில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பகுதி ஆபிரிக்கா, ஐரோப்பா, ஆசியாவில், சில மட்டும் வட அமெரிக்காவில். நமது பிராந்தியத்துக்கு அடிப்படையாக இன்றும் கையில் எடுப்பது டிஸ்டன்ட் என்பவர் பிரித்தானிய இந்தியாவின் விலங்குகள் பற்றிய வரிசையில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய தொகுதி. இலங்கையும் அதில் அடக்கம். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அதன் இன விபரங்கள் பயன்படுகின்றன, ஆனால் அவற்றில் பெரும்பகுதி நிறத்தை நம்பி எழுதப்பட்டவை. இனம் பிரிப்பதில் சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

நிறத்தை நம்பக் கூடாது என்பதற்கு இந்தச் சாதிக்குள்ளேயே நல்ல சாட்சி இருக்கிறது: ரைனோகோரிஸ் மார்ஜினேட்டஸ். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் பல காலம் இந்தக் குடும்பத்தை வளர்த்து ஆராய்ந்த டன்ஸ்டன் அம்புரோஸும், அவரோடு லிவிங்ஸ்டனும், இந்த ஒரே இனத்துக்கு மூன்று நிற வடிவங்கள் உண்டு என்று எழுதினார்கள். வயிற்றின் ஓரக்கரை ஒன்றில் முழுக்கக் கறுப்பு, ஒன்றில் முழுக்கச் சிவப்பு, ஒன்றில் கறுப்பும் சிவப்பும் மாறிமாறி. மூன்றும் ஒரே இனம். படத்தில் பார்க்கிறவர் மூன்று பெயர் வைத்துவிடுவார். எதிர்ப்பக்கமாகவும் நடக்கும்: நிறம் ஒத்திருந்தும் வேறு இனமாக இருக்கும். அதே இருவரும் 1986இல் தமிழ்நாட்டிலிருந்து ரைனோகோரிஸ் குமாரி என்ற இனத்தைப் புதிதாக விபரித்தார்கள். இவ்வளவு அருகில், இவ்வளவு பேர் பார்த்த ஒரு சாதியில், அவ்வளவு பிந்தி ஒரு புது இனம் வந்தது என்றால், நம் கிழக்கு மாகாணத் தோட்டத்தில் உள்ள ஒன்றுக்குப் பெயர் சொல்லும்போது நிதானம் வேண்டும்.

அப்படியானால் ஃபுஸ்கிபெஸ் என்று நான் ஏன் சாய்கிறேன்? ஃபப்ரீசியஸ் 1787இல் விபரித்த இந்த இனம் தென்னாசியாவில் மிகப் பரவலாகத் தோட்டப்பயிர்களில் காணப்படுவது. உடல் பவளச் சிவப்பு, கறுப்பு அடையாளங்களோடு. இறக்கையின் சவ்வு கருமை. மார்ஜினேட்டஸை விடச் சிறியது. உங்கள் பூச்சி, பக்கத்தில் இருக்கும் கத்தரிப் பூவோடு ஒப்பிட்டால், ஒன்றரைச் சென்ரிமீற்றரைத் தாண்டாது போலத் தெரிகிறது. இவை எல்லாம் பொருந்துகின்றன. பொருந்துவது வேறு, நிரூபிப்பது வேறு. நிரூபிக்க ஓர் ஆண் பூச்சி வேண்டும். வயிற்று நுனியில் உள்ள இனப்பெருக்க உறுப்பின் உறையைக் கழற்றி, அதன் பக்கப் பிடிகளையும் உள்ளே உள்ள தகடுகளையும் நுணுக்குக்காட்டியின் கீழ் பார்த்து, ஏற்கெனவே உறுதிப்படுத்திய மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். அது செய்யாமல் 'ஃபுஸ்கிபெஸ் என்றே கருதலாம்' என்று எழுதலாம், அவ்வளவுதான்.

குஞ்சுகளைப் பற்றிக் கேட்கவில்லை நீங்கள், ஆனால் மூன்றாவது படத்தின் மூலையில் மங்கலாக இறக்கையில்லாத ஒரு சிறு சிவப்புப் பூச்சி இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். அது அணங்காக இருக்கலாம், அதாவது வளர்ந்து முடியாத பருவம். இவை ஐந்து தடவை தோல் உரித்துத்தான் இறக்கை பெறும். அணங்கை வைத்து இனம் சொல்ல முயலவே வேண்டாம், சாதி சொல்வதே கடினம். இறக்கை அறை இல்லை, முன்நெஞ்சுத் தட்டு முழு வடிவம் பெறவில்லை, மேலே எழுதிய அடையாளங்களில் பாதி அதற்குப் பொருந்தாது. கடைசித் தோலை உரித்துவிட்டு வந்த புதிய பூச்சியும் இப்படித்தான். உடம்பெல்லாம் வெளிறிய இளஞ்சிவப்பாக இருக்கும், சில மணி நேரம் கழித்துத்தான் கறுப்பு ஏறும். அந்த நேரத்தில் படம் எடுத்துவிட்டு 'புது இனம்' என்று துள்ளுபவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒரு நாள் போத்தலில் வைத்திருந்தால் சந்தேகம் தீர்ந்திருக்கும். முட்டைகள் இலையில் ஒன்றோடொன்று ஒட்டி, பழுப்பு நிறத்தில், நிமிர்ந்த சிறு குப்பிகளாக நெருக்கமாக நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் வெளிறிய மூடி இருக்கும். கத்தரி இலையைக் கிள்ளும்போது அப்படி ஒன்றைக் கண்டால் அந்த இலையை எறிந்துவிடாதீர்கள்.

இனி மருந்து. இனப் பெயர் உறுதியாகாவிட்டாலும் இந்தக் கேள்விக்கு விடை உறுதி: அடிக்க வேண்டாம். இது உங்கள் செடியை உறிஞ்சவில்லை. ஃபுஸ்கிபெஸ் இரையாக்குவதாகப் பதிவானவற்றில் பச்சைக்காய்ப் புழு ஹெலிகோவர்பா, இலைதின்னி ஸ்பொடொப்டேரா, வெண்டியின் டிஸ்டெர்கஸ், கத்தரி இலையைச் சல்லடையாக்கும் எபிலக்னா வண்டு எல்லாம் அடக்கம். இது ஒன்றே உங்கள் தோட்டத்தைக் காப்பாற்றிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். தேனீயையும் பிடிக்கும், தன் குஞ்சையும் தின்னும், காய்க்குள் இருக்கும் கத்தரிக்காய்ப் புழுவை அதால் எட்டவும் முடியாது. ஆனால் பரந்து கொல்லும் மருந்து ஒன்றை விசிறினால் முதலில் ஒழிவது இதுபோல மெதுவாகப் பெருகுபவை, புழு சீக்கிரம் திரும்பி வந்துவிடும். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்க வயல்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. போகத் தொடக்கத்திலேயே மருந்தடித்துச் சிலந்தியையும் மற்ற எதிரிகளையும் கொன்ற வயலில்தான் அறக்கொட்டி (நெல்லின் சாற்றை உறிஞ்சும் பழுப்புத் தத்துப்பூச்சி) பிந்தி வந்து வட்டவட்டமாகக் கருக்கும் என்பதை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். பூச்சிக்குச் சரியான பெயர் தெரிந்திருப்பது இந்த இடத்தில்தான் காசாகிறது. டிஸ்டெர்கஸ் என்று நினைத்து நீங்கள் மருந்தடித்திருந்தால், டிஸ்டெர்கஸைத் தின்பதையே கொன்றிருப்பீர்கள்.

இனத்தையும் அறிய வேண்டும் என்ற ஆவல் இருந்தால், அடுத்த முறை காணும்போது இப்படிச் செய்யுங்கள். கையால் தொட வேண்டாம். வாயகன்ற போத்தலைக் கீழே பிடித்து, மூடியால் மெல்லத் தள்ளுங்கள். போத்தலோடு அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அசைவு அடங்கும், அப்போது படம் எடுக்கலாம். நேர்மேலிருந்து ஒன்று, தலையும் குழலும் தெரியப் பக்கவாட்டில் ஒன்று, மல்லாத்திப் போட்டு வயிற்றுப்புறம் ஒன்று, இறக்கையின் நுனி ஒன்று. ஒவ்வொன்றிலும் பக்கத்தில் அடிமட்டம் இருக்கட்டும். வயிற்றோரக் கரையின் நிறமும் கால்களின் நிறமும் தெளிவாக விழ வேண்டும், ஆகவே ஃபிளாஷ் போடாமல் நிழலான பகல் வெளிச்சத்தில் எடுங்கள். வயிறு ஒடுங்கியிருந்து நுனியில் உருண்டையான கிண்ணம் போல ஒன்று தெரிந்தால் ஆண். வயிறு அகன்று, நுனி தட்டையாக வெட்டினாற்போல இருந்தால் பெண். பெண்ணாக இருந்தால் படம் எடுத்ததும் விட்டுவிடுங்கள், முட்டையிடட்டும்.

ஆண் கிடைத்து, மாதிரியாக வைக்க விரும்பினால் நூற்றுக்கு 70 செறிவு மதுசாரத்தில் போடலாம், ஆனால் சிவப்பு நாளடைவில் மங்கிவிடும். உலர்த்தி ஊசியில் குத்துவது நல்லது. மூட்டுப்பூச்சி இனங்களை முக்கோணத் தகட்டின் நட்ட நடுவில் குத்தக் கூடாது, நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கமாகக் குத்த வேண்டும், அப்போதுதான் நடுவில் உள்ள அடையாளம் கெடாது. கீழே ஒரு சீட்டில் ஊர், திகதி, என்ன பயிர், என்ன இரை, பிடித்தவர் பெயர் எழுதுங்கள். சீட்டில்லாத மாதிரியை எந்தப் பூச்சியியலாளரும் பயன்படுத்த முடியாது. உங்கள் வளவுக்குள் இதைச் செய்வது ஒன்று, லாகுகலை, கல்லோயா, குமண போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியில்லாமல் ஒரு பூச்சியைக்கூட எடுக்கக் கூடாது, வெளிநாட்டுக்கு அனுப்பவும் அனுமதி வேண்டும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடம் உங்களுக்குக் கிட்ட. அங்கே கொண்டுபோக முடியாவிட்டால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்து, கன்னொறுவையில் உள்ள விவசாயத் திணைக்களத்தின் பூச்சியியல் பிரிவுக்கு அனுப்பக் கேட்கலாம். வயிற்றுப்புறமும் குழலும் தெளிவான படங்கள் கிடைத்தால் இங்கேயே போடுங்கள். சிட்னோகோரிஸா இல்லையா என்பதை அவற்றை வைத்து நான் பார்த்துச் சொல்கிறேன், ஃபுஸ்கிபெஸா என்பதற்கு அந்த ஆண் மாதிரி வந்தே ஆக வேண்டும்.